மழை மறந்த மேட்டுநிலத்தார்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

சற்று முன்னர் இம்மேடையில் சிறப்பு விருந்தினர்க்குச் சால்வை போர்த்தி மரியாதை செய்தோம். ஊரில் பொன்னாடை போர்த்துவது வழக்கம். வடபுலத்துக் குளிரில் வாழும் நாம் பொன்னாடைக்கு மாற்றாகக் கம்பளிச் சால்வையைக் கைக்கொண்டுவிட்டோம். கார்த்திகை பிறந்ததும் காசுமீரத்து வணிகர் மூட்டையுடன் நம் காலனிக்கு வருகின்றனர். நம் வீட்டுப் பெண்டிர் விலை பேசி வாங்குகின்றனர். ‘இது அசல் பாஷ்மினாதானா?’ என்று பல முறை வினவுகின்றனர். ஆயினும், ‘இந்த மயிரைத் தந்த ஆடு எங்கே மேய்ந்தது? அதனை மேய்த்தவர் யார்?’ என்று நம்முள் எவரும் வினவியதில்லை. அவ்வினாவிற்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு ஆடித் திங்களில் இக்காலனியைச் சேர்ந்த நான்கு குடும்பத்தினர் ஒன்றாக லடாக்கு சென்று வந்தோம். எழுந்து நின்று பேசுவது ஒரு வாய் எனினும், பேச்சு எங்கள் நான்கு குடும்பத்திற்கும் உரியது. ஆதலின், ‘யாம்’ என்றே கூறுவோம், பொறுத்தருள்க.

லடாக்கின் கிழக்குப் பகுதிக்குச் ‘சாங்தாங்’ என்று பெயர். ‘வடக்குச் சமவெளி’ என்பது அதன் பொருள். திபேத்திலிருந்து நீண்டுவரும் பெரியதொரு மேட்டுநிலத்தின் மேற்கு ஓரம் அது. உதகமண்டலத்துத் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். சாங்தாங்கில் மக்கள் வாழும் இடங்களோ 4,000 மீட்டருக்கும் மேற்பட்டவை. த்சோ மோரிரி ஏரிக்கரையிலுள்ள கோர்சோக் என்னும் சிற்றூர் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கிற்கும் சற்றுக் குறைவு. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். லே நகரில் இரண்டு நாள் ஓய்வு கொண்ட பின்னரே மேலே செல்லவேண்டும் என்று எம்மை எச்சரித்தனர். அதன் உண்மையை அங்கே உணர்ந்தோம்.

பனி சூழ்ந்த நாடு ஆயினும் அது பாலைநிலமே. தெற்கிலிருந்து வரும் பருவக்காற்று இமயத்தில் மோதி, அதன் தென்புறத்திலேயே மழையைப் பொழிந்துவிடுகிறது. மலையைக் கடந்து செல்லும் காற்றில் ஈரம் இல்லை. சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். லே நகரிலோ ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். மரம் இல்லை, வயல் மிக அரிது. பனியுருகி ஓடும் ஓடைக்கரைகளில் மட்டும் விரற்கடை அளவு புல் முளைக்கும்.

வேனிலின் வெம்மையால் முல்லையும் குறிஞ்சியுமே தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். எனவே, ஆயர் வாழும் முல்லையும் நீரற்ற பாலையும் நம் இலக்கணத்தில் இருவேறு நிலங்கள். சாங்தாங்கில் அவ்விரண்டும் ஒன்றாய் நிற்கக் கண்டோம். நிலம் பாலை, அதில் வாழ்வோர் ஆயர். ‘சாங்பா’ என்பது அவ்வாயரின் பெயர். ‘வடக்கத்தியார்’ என்று நாம் கூறுவதற்கு அச்சொல் நிகர்.

அவர்தம் செல்வம் வெள்ளாடும் செம்மறியும் யாக்கு எருதும் ஆம். இமயத்தில் வாழும் கவரியைப் பற்றி நம் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. அக்கவரி இந்த யாக்கே என்று கருதும் அறிஞர் பலர். நாம் ஏட்டில் கண்ட கவரியை அவர்கள் நாள்தோறும் கறக்கின்றனர். அதன் சாணத்தை உலர்த்தி அடுப்பெரிக்கின்றனர். அதன் கரிய மயிரை நூற்று, நெய்து, கூடாரம் அமைக்கின்றனர். ‘ரெபோ’ எனப்படும் அக்கூடாரத்தின் உச்சியில் புகை போவதற்கு ஒரு திறப்பு உண்டு. யாக்கு மயிரையும் ஆட்டு மயிரையும் நெய்வது ஆடவர் தொழில். செம்மறிக் கம்பளியை நெய்வது பெண்டிர் தொழில். இருபாலார்க்கும் தறி வேறு வேறு. பால் கறக்கும் நேரத்தில், ஆடுகளை இரண்டு வரிசையாக எதிரெதிர் நிறுத்தி, கழுத்தோடு கழுத்தைக் கயிற்றால் பின்னிவிடுகின்றனர். நூறு ஆடுகள் ஒரே மாலையாகக் கோத்தாற்போல் நிற்கும். கறந்து முடிந்ததும் கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மாலை அவிழ்ந்து ஆடுகள் சிதறி ஓடும். எம்முடன் வந்த குழந்தைகள் அதனை மறுமுறையும் செய்து காட்டச் சொல்லிக் கெஞ்சினர்!

நம் தோளிற்கு வரும் மென்மயிர் அந்த வெள்ளாட்டின் அடிமயிரே. கடுங்குளிருக்கு அஞ்சி, தன் நீண்ட மயிருக்கு அடியில் மிக நுண்ணிய மயிரை அவ்வாடு வளர்த்துக்கொள்கிறது. அதன் பருமன் 12 முதல் 15 மைக்ரான். மனிதனின் தலைமயிரில் ஐந்தில் ஒரு பங்கு எனலாம். கோடை தொடங்கியதும் அது தானே கழலும். அவ்வேளையில் சீப்பினால் வாரி எடுக்கின்றனர். ஓர் ஆட்டிலிருந்து ஓராண்டில் கிடைப்பது 200 முதல் 300 கிராம் வரை. அதிலும் தூசும் முரட்டு மயிரும் நீக்கினால் எஞ்சுவது பாதிக்கும் குறைவே. குளிர் மிகுந்த இடத்தில்தான் இம்மயிர் செழிக்கும். ஆட்டைத் தாழ்ந்த நிலத்திற்குக் கொண்டுவந்தால் அதற்கு இம்மயிர் தேவையில்லை.

இம்மென்மயிரின் பொருட்டு அரசுகள் போரிட்டன என்பதை வரலாறு கூறும். 1684-இல் லடாக்கிற்கும் திபேத்திற்கும் ஏற்பட்ட உடன்படிக்கை, மேற்குத் திபேத்தின் மென்மயிர் லடாக்கின் வழியாகவே காசுமீரம் செல்லவேண்டும் என்று விதித்தது. 1834-இல் ஜம்முவின் படைத்தலைவர் சொராவர் சிங் லடாக்கின்மீது படையெடுத்ததற்கு இவ்வணிகமும் ஒரு காரணம். 1841-இல் அவர் திபேத்திலும் புகுந்து, அவ்வாண்டின் இறுதியில் களத்தில் மாண்டார். 1846-இல் அமிர்தசரசு உடன்படிக்கையின்படி குலாப் சிங் காசுமீரத்தைப் பெற்றபோது, ஆங்கிலேயர்க்கு ஆண்டுதோறும் செலுத்த ஒப்பிய திறை யாது? ஒரு குதிரை, மூன்று இணைச் சால்வைகள், சால்வை மயிர் தரும் வெள்ளாடுகள் பன்னிரண்டு; அவற்றுள் ஆறு கிடாய், ஆறு பெட்டை! மன்னர்களின் உடன்படிக்கையில் ஆட்டின் பால் முதற்கொண்டு குறிக்கப்பட்டது. ஆனால் ஆடு மேய்த்தவர் பெயர் எந்த உடன்படிக்கையிலும் இல்லை.

இனி எல்லையைப் பற்றிச் சில சொல்வோம். ஆயர்க்கு எல்லை என்பது வரைபடத்தில் உள்ள கோடன்று. எந்த ஓடைக்கு எந்தத் திங்களில் செல்லலாம், எந்தப் புல்லைக் குளிர்காலத்திற்கென விட்டுவைக்கவேண்டும் என்பதே அவர்கள் அறிந்த எல்லை. அதனை வகுப்பவர் ‘கோபா’ எனப்படும் ஊர்த்தலைவர். அவர் சொல்லும் நாளில் கூடாரங்கள் பெயரும். அவர் காட்டும் திசையில் மந்தை நகரும். ஓராண்டில் எட்டு, பத்து முறை இவ்வாறு இடம் பெயர்வர். ஒரே இடத்தில் தங்கினால் புல்லின் வேரும் மிஞ்சாது.

1959-இல் திபேத்தில் நேர்ந்த கலகத்திற்குப் பின் அங்கிருந்து ஆயர் பலர் மந்தையோடு இப்புறம் வந்து தங்கினர். 1962-இல் போர் மூண்டது. அவ்வாண்டு நவம்பர் 18-ஆம் நாள் சுஷுலுக்கு அருகே ரெசாங் லா கணவாயில், மேஜர் சைத்தான் சிங் தலைமையில் குமாவுன் படைப்பிரிவின் வீரர்கள் கடைசிக் குண்டு வரை போரிட்டு மடிந்தனர். உறைபனி மூடிய அவ்வுடல்களை, சில திங்கள் கழிந்து முதலில் கண்டு உரைத்தவர் ஆடு மேய்க்கும் ஒருவர் என்பர். படைவீரர் வீழ்ந்த இடத்திற்கும் ஆயரே முதலில் சென்றனர்!

அப்போரின்பின் எல்லைக்கு அப்பாலிருந்த மேய்ச்சல் நிலங்கள் அடைபட்டன. திபேத்துடன் நடந்த பழைய வணிகமும் நின்றது. 2020-ஆம் ஆண்டு சூன் 15-ஆம் நாள் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர் இருபதின்மர் உயிர் நீத்தனர். அவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. வீர சக்கர விருது அவர் மறைந்தபின் அவர்க்கு அளிக்கப்பட்டது. வெயில் காயும் இராமநாதபுரத்திற்கும் பனி உறையும் லடாக்கிற்கும் உள்ள தொடர்பு அவருடைய குருதியால் எழுதப்பட்டது.

அதன்பின் இருதரப்புப் படைகளும் நெருங்கி நின்றமையால், ஆயர் பலர் தம் முன்னோர் மேய்த்த குளிர்கால நிலங்களுக்குச் செல்ல இயலாது போயிற்று. 2024 சனவரியில், சீனப் படையினர் வழிமறித்தபோது, ‘இது எம் மேய்ச்சல் நிலம்’ என்று சில ஆயர் கல்லும் கையுமாய் வாதாடி நின்ற காட்சி நாடெங்கும் பரவியது. நம் கைப்பேசிகளிலும் அதனைக் கண்டோம். அவ்வாண்டு அக்டோபரில் இரு நாடுகளும் தெப்சாங், தெம்சோக் பகுதிகளைக் குறித்து ஓர் உடன்பாட்டிற்கு வந்தன. மேய்ச்சலும் அதில் பேசப்பட்டது. ஓர் ஆடு ஓரிடத்தில் மேயலாமா கூடாதா என்பது இரண்டு பேரரசுகள் அமர்ந்து பேசும் பொருளாயிற்று.

ஆட்டிற்குப் புல் கிடைக்கும் வரையில்தான் ஆயர் எல்லையில் நிற்பர். ஆயர் நிற்கும் வரையில்தான் அந்நிலம் மக்கள் வாழும் நிலம். அவர்கள் நீங்கிவிட்டால் எஞ்சுவது காவற்கூடங்கள் மட்டுமே.

அவர்கள் நீங்கிக்கொண்டிருக்கின்றனர் என்பதே யாம் கண்ட உண்மை.

கர்நாக் என்னும் பகுதியின் ஆயர் குடும்பங்களுள் பெரும்பாலானவை மந்தையை விற்று, லே நகரின் அருகே குடியேறிவிட்டன. அவர்கள் குடியிருக்கும் இடத்திற்கே ‘கர்நாக்லிங்’ என்று பெயர். மாம்பலத்தைக் கரோல்பாக்கில் தேடும் நமக்கு இதன் பொருள் விளங்காமற் போகாது. அவர்கள் நீங்கியதற்குக் குளிர் காரணம் அன்று. குளிர் அவர்களுக்குப் பழையது. 2013-இன் தொடக்கத்தில் பெரும்பனி பெய்து ஆயிரக்கணக்கான ஆட்டுக்குட்டிகள் மடிந்தன. அதனையும் தாங்கிக்கொண்டனர். பிள்ளைகளின் படிப்பும் முதியோரின் மருத்துவமும் சுருங்கிவரும் புல்லுமே அவர்களைப் பெயர்த்தன. பூகா என்னுமிடத்தில் ஆயர் பிள்ளைகளுக்கென உண்டுறை பள்ளி ஒன்று உள்ளது. பயனுடைய பள்ளி அது. ஆயினும் பள்ளியில் படிக்கும் பிள்ளை மந்தையின் பின்னே செல்வதில்லை. ஆட்டின் மொழி அதற்குத் தெரிவதில்லை.

கோர்சோக்கிற்கு அருகே ஒரு கூடாரத்தில் முதிய அம்மையார் ஒருவர் எங்களுக்கு வெண்ணெய்த் தேநீர் தந்தார். வண்டி ஓட்டிய இளைஞர் அவரை ‘அபி-லே’ என்று அழைத்தார். ‘பாட்டியம்மா’ என்பது அதன் பொருள். மகன் லே நகரில் வண்டி ஓட்டுகிறான். பேத்தி பள்ளியில் இருக்கிறாள். மந்தையைப் பார்ப்பவர் அவரும் அவர் கணவருமே. எங்களுள் ஒருவர் ஆர்வ மிகுதியால், ‘இத்துணை அழகிய இடத்தை விட்டு மகன் ஏன் போனார்? அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாகாதா?’ என்று கேட்டுவிட்டார். அம்மையார் சினக்கவில்லை. தேநீரை மீண்டும் ஊற்றியவாறே, ‘உங்கள் ஊர் எது? அங்கே உங்களுக்கு நிலம் உண்டா? இப்போது அதனை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?’ என்று கேட்டார். வண்டிக்காரத் தம்பி அதனை இந்தியில் எடுத்துரைத்தார்.

யாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவர்க்குப் பாபநாசத்தருகே இரண்டு ஏக்கர், குத்தகைக்காரர் பார்க்கிறார். ஒருவருடைய நிலம் விற்றாயிற்று. ஒருவருடைய வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி அடுத்த வீட்டில். எவர்க்கும் விடை கூற நா எழவில்லை.

அன்பர்களே! பாலைக்குரிய உரிப்பொருள் பிரிவு என்று நம் இலக்கணம் கூறும். அப்பிரிவில் நாமும் பங்குடையோம். பொருள்வயிற் பிரிந்து, மொழி வேறுபட்ட ஊரில் காலனி அமைத்து, ஆண்டிற்கொருமுறை விழா எடுத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பாட்டுச் சொல்லித்தரும் நாம், ‘நீங்கள் மட்டும் போகாதீர், எங்கள் கண்ணுக்கு இனிதாக அங்கேயே இருங்கள்’ என்று அவர்க்கு அறிவுரை கூறுதல் தகாது. போவதற்கு அவர்க்கு உரிமை உண்டு. ஆனால் தங்க விரும்புவோர் தங்குவதற்கு வழி இருத்தல் வேண்டும். விரும்பிப் போவது வேறு, விரட்டப்படுவது வேறு. விரட்டுவது பகைவன் படையாக இருந்தாலும், நம் நாட்டின் நல்ல திட்டமே ஆயினும், ஆட்டுக்குப் புல் இல்லாமற் போவது ஒன்றே.

நல்ல திட்டம் என்று ஏன் கூறினோம்? பாங் என்னுமிடத்துச் சமவெளியில் 13 ஜிகாவாட் அளவிற்குச் சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் பெருந்திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. அம்மின்சாரத்தை அரியானாவின் கைத்தல் வரை கொண்டுவரும் தொடருக்கு, 2023 அக்டோபரில் மைய அமைச்சரவை 20,773 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்தது. நிலக்கரிப் புகையால் மூச்சுத் திணறும் வடபுலத்திற்கு அது வேண்டுவதே. ஆயினும் அச்சமவெளி வெற்றிடம் அன்று. சாங்பா மக்கள் மந்தை ஓட்டும் நிலம். மேலிருந்து நோக்குவோர்க்கு வெறும் மணலாகத் தோன்றுவது, ஆட்டின் கண்ணுக்கு உணவாகத் தோன்றும். 1989-இல் சாங்பா மக்கள் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டனர். அந்நிலத்தில் எதனைச் செய்வதாயினும் அவர்களைக் கேட்டுச் செய்தலே முறை. நாளை நம் வீட்டு விளக்கு எரியும்போது, அதன் ஒளிக்கு எவர் நிலம் விலையாயிற்று என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

கேட்டுச் செய்தால் நன்மை விளையும் என்பதற்கும் அங்கேயே சான்று கண்டோம். எல்லைக்கு அருகே ஹான்லே என்னும் ஊர் உள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் லடாக்கை ஆண்ட செங்கே நம்கியால் மன்னர் காலத்து மடம் ஒன்று அங்கே குன்றின்மேல் நிற்கிறது. அதற்கு எதிரே, 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்ககம் உள்ளது. முகிலின்மையும் காற்றின் வறட்சியும் இருளின் ஆழமும் வானத்தைக் காண்பதற்கு உதவுகின்றன. ஆயரை வருத்தும் வறட்சியே வானியலார்க்கு வரமாயிற்று. அங்குள்ள இரண்டு மீட்டர்த் தொலைநோக்கி 2001-இல் நாட்டிற்கு அளிக்கப்பட்டது. பெங்களூருக்கு அருகே ஒசகோட்டையிலிருந்தே செயற்கைக்கோள் வழியாக அதனை இயக்குகின்றனர். காமாக் கதிர்களை ஆராயும் 21 மீட்டர் விட்டமுடைய ‘மேஸ்’ தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்டது.

அந்த இரண்டு மீட்டர்த் தொலைநோக்கியின் பெயர் என்ன தெரியுமா? ‘இமயச் சந்திரா தொலைநோக்கி’. நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர்களின் பெயரே அது. அவர் பிறந்தது எங்கே? 1910-இல், இலாகூரில்! தந்தையார் புகைவண்டித் துறையில் கணக்கு அலுவல் பார்த்தமையால், தமிழ்க் குடும்பம் ஒன்று வடக்கே சென்று வாழ்ந்தது. அங்கே பிறந்த குழந்தை அவர். நம் காலனிக் குழந்தைகளைப் போன்ற ஒரு குழந்தை என்று கூறினால் மிகையாகாது. எல்லையோரத்துக் குன்றின்மேல் அப்பெயரைப் படித்தபோது எம் கண்கள் பனித்தன.

2022-இல் ஹான்லேயைச் சுற்றி ஏறத்தாழ 1,070 சதுரக் கிலோமீட்டர் பரப்பு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊரார் தம் விளக்குகளுக்கு மூடி இட்டனர்; சாளரங்களுக்குத் திரை தொங்கவிட்டனர். அதற்கு ஈடாக, ஊர் இளைஞர்க்கும் பெண்டிர்க்கும் வானியல் பயிற்சி அளித்து, சிறிய தொலைநோக்கிகளும் தந்துள்ளனர். இரவில் அவர்கள் விருந்தினர்க்கு விண்மீன்களைக் காட்டுகின்றனர்; தம் வீட்டிலேயே தங்கவைத்து உணவும் அளிக்கின்றனர். ஆட்டைக் கைவிடாமலே வருவாய்க்கு இன்னொரு வழி பிறந்தது. எங்களுக்குச் சனிக்கோளின் வளையத்தைக் காட்டியவர் அவ்வூர்ப் பெண்ணொருத்தி. பகலில் அவர் தம் வீட்டு ஆடுகளை மேய்ப்பவர். விஞ்ஞானம் அவரை ஊரிலிருந்து பெயர்க்கவில்லை. ஊரிலேயே நிலைபெறச் செய்தது.

ஆகவே, இச்சங்கத்தார்க்கு எம் வேண்டுகோள் மூன்று. சால்வை வாங்கும்போது விலையை மட்டும் பேசாதீர். மயிர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கேட்போர் பெருகினால் விற்போர் விடை தேடுவர். ஆயர் கூட்டுறவின் பெயர் வெளிவரும். லடாக்கு செல்வோர் ஹான்லேயில் இரவு நேரத்தில் வண்டி விளக்கைத் தாழ்த்துங்கள். புல்வெளிமீது வண்டியை ஏற்றாதீர். ஒரு சக்கரத்தின் தடம் மறைவதற்கு அங்கே பல ஆண்டுகள் ஆகும். மூன்றாவதாக, நம் நூலகத்தில் லடாக்கைப் பற்றிய நூல்கள் சிலவற்றை வாங்கி வையுங்கள். எல்லையைக் காப்போரை நாம் போற்றுகிறோம், போற்றுவது முறை. எல்லையில் வாழ்வோரை நம் பிள்ளைகள் அறிதலும் வேண்டும்.

விடைபெற்றபோது அபி-லே எங்கள் கையில் உலர்ந்த பாற்கட்டி சிறிது வைத்து அனுப்பினார். திரும்பி வந்ததும், பூட்டிய வீட்டுக்குரிய அன்பர் ஊருக்குக் கடிதம் எழுதினார். இவ்வாண்டு பொங்கலுக்கு அவ்வீட்டின் கதவு திறந்தது. குழந்தைகள் முற்றத்தில் கோலமிட்டனர். அம்மையாரின் வினாவிற்கு அது முழு விடை அன்று. ஆயினும் விடையின் முதற்சொல் எனலாம்.